ஏரிப் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர்

போன வாரம், வாடகைக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தங்கை ஒரு கேள்வி போட்டிருந்தார். ஒரகடத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்குப் புதிதாக வந்திருப்பவர். "நம்ம ரூம்ல இருக்கிற பையனுக்குப் பொண்ணு பாக்கறாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க ஞாயித்துக்கிழமை வராங்களாம். பையன் எப்படின்னு என்னைத்தான் கேப்பாங்க. நான் என்ன சொல்றது?" என்று கேட்டிருந்தார்.

கீழே ஆளுக்கொரு பதில். "நல்ல பையன்னு சொல்லி அனுப்பிடுங்க, நமக்கெதுக்கு வம்பு" என்றார் ஒருவர். "அன்னிக்கு ஊர்ல இருக்காதீங்க" என்றார் இன்னொருவர். அதற்குத்தான் கட்டைவிரல் படங்கள் அதிகம் விழுந்தன. நான் அன்று ஒன்றும் எழுதவில்லை. போனில் தட்டி அனுப்பிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லை. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். மோட்டார் ஓடித் தொட்டி நிரம்புகிற நேரத்தில் படித்துவிடலாம்.

படப்பையில் ஆரம்பித்து சுங்குவார்சத்திரம் வரை, அடுத்தவர் கட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்வதே என் பிழைப்பாக இருந்தது. நாள் கிழமை குறித்துவைக்கிற பழக்கமும், கிடைத்ததைப் படிக்கிற பழக்கமும் எனக்கு உண்டு. இந்தப் பக்கத்துக் கோயில் கல்வெட்டுகளைப் பற்றிய புத்தகங்களைக்கூட விடாமல் படித்திருக்கிறேன். நிலம் கொடுத்தவர் யார், எந்த ராஜா காலத்தில் கொடுத்தார், எல்லை எது என்றெல்லாம் அவற்றில் இருக்கும். அந்த நிலத்தில் குடியிருந்தவன் என்ன குறை சொன்னான் என்பது மட்டும் எந்தக் கல்லிலும் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆள் ஒருவன் அன்றும் இருந்திருப்பான். அவனும் நம் ஜாதிதான்.

நம் வேலையின் எரிச்சல்கள் உங்களுக்குத் தெரியும். காலையில் போனை எடுத்தால், "சார், தண்ணி வரல." பத்து நிமிஷம் கழித்து அதே ஆள், "சார், தொட்டி வழியுது." சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு கம்பெனி பஸ்ஸில் இருந்து கூப்பிடுகிறவன். வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஊருக்கே போய்விடுகிறவன். இவையெல்லாம் பழகிவிடும். பழகாத வேலை ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அது சாட்சி சொல்கிற வேலை.

நம் கட்டடங்களில் இருக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் தெற்கத்திக்காரர்கள். அவர்கள் ஊரில் ஒரு பையனைப் பற்றித் தெரிய வேண்டுமானால் சலூனில் கேட்கலாம், டீக்கடையில் கேட்கலாம், ரேஷன் வரிசையில் கேட்கலாம். இங்கே அவனை யாருக்குத் தெரியும்? கம்பெனி லைனில் பக்கத்தில் நின்று வேலை செய்பவனுக்குக்கூட அவனுடைய ஐ.டி. கார்டுதான் தெரியும். ஆகவே பெண் வீட்டார் ராத்திரி பஸ் ஏறி விடிய வந்து இறங்கி, நேராக வீட்டு ஓனரிடம் வருகிறார்கள். ஓனர் இல்லையென்றால் நம்மிடம். நாம் என்ன சொன்னாலும் அது எடைபோடப்படும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் இன்னும் மோசம். "ஓனர் வாயே தெறக்கலியே, ஏதோ இருக்கு" என்று திரும்பிப் போய்விடுவார்கள்.

நான் சொல்லப்போகும் இசக்கிராஜாவுக்கு அப்படித்தான் ஒரு சம்பந்தம் போயிற்று.

பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கன்னியம்மா என்ற பெண்மணியின் மூன்று மாடிக் கட்டடத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெல் விளைந்த நிலத்தில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு, மற்றதை விற்ற பணத்தில் எழுப்பிய கட்டடம். கீழே குடும்பங்களுக்கான போர்ஷன்கள், மேலே பையன்களுக்கான அறைகள், வெளிப்பக்கம் இரும்புப் படிக்கட்டு. கன்னியம்மா பக்கத்து வீட்டிலேயே இருந்தார். எதிரிலிருந்த பொன்னியம்மன் கோயில் விழாக் குழுவில் அவர் சொல்வதுதான் முடிவு.

இசக்கிராஜா இரண்டாவது மாடியில் இருந்தான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். வாடகை பிசகாது, குடி கிடையாது. ஆனால் என் காலத்தில் எனக்கு அவ்வளவு தலைவலி கொடுத்தவன் வேறொருவன் இல்லை. மொட்டை மாடித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, மிதக்கும் பல்லியைப் படமெடுத்து, கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் 'இன்றைய விருந்தினர்' என்று போடுவான். இரும்புப் படிக்கட்டில் ஒரு தாளை ஒட்டினான்: 'காலை ஏழு முதல் பகல் இரண்டு வரை ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறவும்.' சேஃப்டி ஷூ இரும்பில் பட்டால் தங்கு தங்கென்று சத்தம் வரும் என்பது உண்மைதான். அதற்காக ஒரு காலையில் என் செருப்பையும் கழற்ற வைத்தான். மூன்றாவது மாடியில் டைல்ஸ் போட வந்த மேஸ்திரியிடம், "மெஷின சாயங்காலம் ஓட்டுங்கண்ணே" என்று மல்லுக்கு நின்றதில், அவர் கோபித்துக்கொண்டு வேறு சைட்டுக்குப் போய்விட்டார். அவரைத் திரும்ப அழைத்துவர நான் பட்ட பாடு தனிக்கதை.

எல்லாவற்றுக்கும் சிகரம் ஆடி மாதம் நடந்தது. கோயிலில் காப்புக் கட்டியதும் கூம்பு ஸ்பீக்கர்களை எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில்தான் கட்டுவார்கள். சுற்றுவட்டாரத்தில் உயரமான கட்டடம் அதுதான். விடிந்தது முதல் பாட்டு. மூன்றாம் வெள்ளியன்று கன்னியம்மா கோயிலில் நின்று காதில் கையை வைத்துக் கேட்டிருக்கிறார். சத்தம் எங்கோ தூரத்தில் கேட்கிறது. மேலே போய்ப் பார்த்தால் ஸ்பீக்கர்கள் அத்தனையும் கட்டடத்துக்கும் ஊருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்து நிற்கின்றன.

"எவன் பண்ணது?" என்று அவர் கேட்ட கேள்விக்கு ஸ்பீக்கரே தேவைப்படவில்லை.

இசக்கி மறைக்கவில்லை. "நான்தாம்மா" என்றான். கன்னியம்மா அவனை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"சார், ஆவணி முடியறதுக்குள்ள இவன காலி பண்ணு. வூட்டுக்கு ஆளா கெடைக்காது?"

நான் தலையாட்டிவிட்டேன். ஆனால் உடனே அவனிடம் சொல்லவில்லை. காலி செய்யச் சொல்வதை இரண்டு நாள் தள்ளிப்போடுவது நம் தொழிலில் தப்பில்லை. பல கோபங்கள் அதற்குள் ஆறிவிடும்.

ஆவணி பிறந்தது. ஒரு திங்கள்கிழமை சாயங்காலம் இசக்கி என் முன்னால் வந்து நின்றான். புகார் சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, "இன்னாப்பா, தொட்டியில பாம்பா?" என்றேன்.

"அதில்ல அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம பொண்ணு வீட்டுல இருந்து வாராவ. எங்கம்மையும் வாரா."

"நல்ல விஷயமாச்சே."

"ரெண்டு சம்பந்தம் தட்டிப் போச்சு அண்ணாச்சி. மொத வந்தவிய வராண்டாவுல கொடி பூரா சட்டை தொங்குறதப் பாத்துட்டு, இது வீடா சத்திரமான்னு போயிட்டாவ. அடுத்தவிய வந்தப்ப முன்னால இருந்த ரூம் ஓனர் ஒண்ணுமே பேசல. அதுலயே போச்சு. இந்தப் பொண்ணும் இங்கதான் சுங்குவார்சத்திரத்துல கம்பெனியில இருக்கு. அதுக்கும் வேல இங்க, எனக்கும் இங்க. இதுவும் போச்சுன்னா எங்கம்ம என்னைய ஊருக்கே வந்துருன்னுதா."

கீழே காலியாக இருக்கும் முன் போர்ஷனை அவனுக்குத் தர வேண்டும், வருகிறவர்களிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த இரண்டையும்தான் கேட்டான். அறையையே காலி செய்ய வேண்டியவன் வீடு கேட்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. "பாக்கலாம்பா" என்றேன். நம் தொழிலில் அந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டென்று உங்களுக்கே தெரியும். அவன் நல்ல அர்த்தத்தை எடுத்துக்கொண்டு போனான்.

புதன்கிழமை பகலில் இரண்டு பெண்கள் வந்தார்கள். வாசலில் முன் போர்ஷனுக்கான டு-லெட் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. "வீடு பாக்கலாமா சார்?" என்றாள் ஒருத்தி. ராத்திரி ஷிஃப்ட் முடித்த கண்கள். அந்தச் சிவப்பு நமக்குத் தெரியாததா. திறந்து காட்டினேன்.

வாடகைக்கு வருகிறவர்களிடம் குறைகளை முதலில் சொல்லிவிடுவது என் வழக்கம். நிறைகளை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். குறையை நாம் சொல்லி உள்ளே வந்தவன் பிறகு அதற்காகச் சண்டைக்கு வரமாட்டான். போர் தண்ணீர் உப்பு, மழைக்கு முன்னால் கொசு, எதிரில் கோயில், திருவிழா என்றால் சத்தம், எல்லாவற்றையும் சொன்னேன்.

"மேல யாரு சார் இருக்காங்க?" என்றாள் அவள்.

"கம்பெனிப் பசங்கம்மா. ஒரு தொந்தரவும் கெடையாது, ஒர்த்தனத் தவிர."

"அது யாரு சார்?"

"இசக்கின்னு ஒர்த்தன்."

கூட வந்த தோழிக்குப் புரையேறியது. நான் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். முதல் பெண் முகத்தில் எதுவும் காட்டாமல், "என்ன பண்ணுவாரு?" என்று கேட்டாள்.

கேட்டதும் எனக்கு வேகம் வந்துவிட்டது. பல்லி, படிக்கட்டுத் தாள், மேஸ்திரி, ஸ்பீக்கர் என்று ஒன்று விடாமல் சொன்னேன். குடியிருக்க வருகிறவர்களுக்கு அக்கம்பக்கம் தெரிந்திருக்க வேண்டும். அன்று சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"அவரு நைட் ஷிஃப்ட்டா சார்? பகல்ல தூங்கணும்னுதான் அப்படிப் பண்றாரா?"

"அதாம்மா கூத்தே! அவன் ஜெனரல் ஷிஃப்ட்டு. காலைல போனா பொழுது சாய்ஞ்சிதான் வருவான். பகல்ல எவன் தூங்கினா இவனுக்கு இன்னா, தூங்காட்டி இவனுக்கு இன்னா?"

அவள் ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிற ஓசைகூட இல்லை. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள். பயந்துவிட்டாள், இனி வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு பூட்டினேன்.

ஞாயிறு காலை முன் போர்ஷனைக் கூட்டி, பாய் விரித்து, கடையிலிருந்து கேசரி வாங்கி வைத்திருந்தான் இசக்கி. அவனுடைய அம்மா ஊரிலிருந்து காராச்சேவு பொட்டலத்தோடு வந்திருந்தார். "எம்புள்ளைக்கு இங்க நீங்கதான் தாயும் தகப்பனும்" என்று பொட்டலத்தை என் கையில் திணித்தார். நான் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

பெண்ணின் தாய்மாமன் வந்தார். ஊரில் மினி பஸ் ஓட்டுகிறவர். வந்ததும் குழாயைத் திறந்து பார்த்தார், சுவரில் தட்டிப் பார்த்தார், பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பதைப் போலக் கதவை ஆட்டிப் பார்த்தார். "தகப்பன் இல்லாத புள்ள. நாந்தான் பாக்கணும். பொண்ணு ஹாஸ்டல் பக்கத்துலதானேன்னு அவளையும் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார். அவருக்குப் பின்னால் சேலை கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள் மாரிச்செல்வி.

புதன்கிழமை வந்த அதே பெண்.

இன்னொரு கையில் வைத்திருந்த டீ டம்ளர் சாய்ந்து காராச்சேவு நனைந்தது. அவள் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பாயில் உட்கார்ந்து, கரண்ட் மீட்டரைப் பார்ப்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

இசக்கிக்கு எதுவும் தெரியாது. என்னை நம்பி, புதுச் சட்டையில், வியர்த்துக்கொண்டு நின்றான்.

மாமா கேசரியை ஒதுக்கிவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஐயா, எங்க ஊருன்னா நாலு கடையில விசாரிச்சிருவோம். இங்க எங்களுக்கு யாரத் தெரியும்? நீங்கதான் சொல்லணும். பையன் எப்படி?"

நண்பர்களே, இந்த நிமிஷத்தைப் பற்றித்தான் தங்கை கேட்டார். யோசிக்க நேரம் கிடையாது. நல்ல பையன், தங்கமான பையன் என்று சொல்லியிருப்பேன். ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண், புதன்கிழமை நான் பேசியதைக் கேட்டவள். இன்று மாற்றிப் பேசினால் என்னைப் பொய்யன் என்பாள். அது போகட்டும். பையன் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறேன் என்று அவனையும் சேர்த்து எண்ணுவாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் முன்பு தட்டிப்போனது போலவே இதுவும் தட்டிப்போகும். உள்ளதைச் சொன்னால் அவன் அம்மா எதிரில், அவன் எதிரில் சொல்ல வேண்டும்.

"நல்லவனா கெட்டவனான்னு எனக்குச் சொல்லத் தெரியாதுங்க" என்றேன். "எனக்கும் அவனுக்கும் இன்னா சண்டைன்னு சொல்றேன். நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

புதன்கிழமை சொன்ன அதே வரிசையில் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. கன்னியம்மா காலி செய்யச் சொன்னதையும் சொல்லிவிட்டேன். இசக்கியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி!" என்று எழுந்துவிட்டார் அவன் அம்மா. "தாயும் தகப்பனும்னு இப்பத்தான சொன்னேன். வாய் மூடுறதுக்குள்ள இப்படிக் கவுத்துட்டீயளே!"

"இரிங்க மதினி" என்று மாமா கையைக் காட்டினார். அவர் முகம் இறுகியிருந்தது. "பல்லி, படிக்கட்டு, அதெல்லாம் இருக்கட்டும். கோயில் ஸ்பீக்கர எதுக்குத் திருப்புனான்? சாமி கும்புட மாட்டானோ?"

"இசக்கி அம்மன் பேரத்தான் புள்ளைக்கு வச்சிருக்கேன்! வருசா வருசம் பங்குனி உத்திரத்துக்கு லீவு போட்டுட்டு சாஸ்தா கோயிலுக்கு வாரவன். அவனா சாமி கும்புடாதவன்?"

"பொறவு எதுக்குத் திருப்புனான்னுதான் கேக்கேன்."

இரண்டு பேரும் குரலை உயர்த்த, நடுவில் மாரிச்செல்வி பேசினாள். "மாமா, இவரு புதன்கிழமையும் இதையேதான் சொன்னாரு."

"புதன்கிழமையா? நீ எங்க இவரப் பாத்த?"

"வீடு பாக்க வந்தேன். போர்டு தொங்குச்சு. வீடு பாக்குற மாதிரி வந்து மாப்பிள்ளையப் பத்தி விசாரிச்சுட்டுப் போனேன்."

மாமா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஏ தாயி! நீயே விசாரிச்சு முடிச்சுட்டியா? அப்ப என்னைய எதுக்கு ராத்திரி பூரா பஸ்ஸுல குலுக்கி வரவச்ச?"

அவள் சிரிக்கவில்லை. முதல்முறையாக இசக்கியை நேராகப் பார்த்தாள். "நான் ஒண்ணு கேக்கணும். சத்தம் வேண்டாம்னா ஒயரப் புடுங்கி விட்டிருக்கலாம்ல? எதுக்குத் திருப்பி வச்சீங்க?"

இசக்கி தடுமாறினான். "ஐயோ... சாமி பாட்டுல்லா. நிறுத்தக் கூடாதுல்லா. ஏரிப் பக்கம் ஆளு இல்லன்னு..."

"நீங்கதான் பகல்ல ரூம்ல இருக்கவே மாட்டீங்களே?"

"இப்ப இல்ல. வந்த புதுசுல நைட்டு பாத்தேன். பகல்ல கண்ண மூட விடாது. ஒரு நாளு மெஷின் முன்னால நின்னுக்கிட்டே உறங்கிட்டேன். சூப்பர்வைசர் கையப் புடிச்சு இழுத்ததால வெரலு இருக்கு." வலது கையை ஒருமுறை விரித்து மூடினான். "எங்க மாடியில நைட்டு பாக்குறவங்க நெறைய பேரு."

மாரிச்செல்வி மாமாவிடம் திரும்பினாள். "மாமா, ஹாஸ்டல்ல எங்க ரூம்ல ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு ஷிஃப்ட்டு. நைட்டு முடிச்சு வந்து படுத்தா ஒருத்தி போன்ல பேசுவா, ஒருத்தி பாட்டுப் போடுவா. போர்வைய இழுத்து மூடிட்டுப் படுத்துக் கெடப்பேன். தூங்குறவள எழுப்பாதீங்கன்னு சொல்ல அங்க ஒருத்தி கெடையாது. இவரு தனக்கு ஒண்ணுமில்லாத தூக்கத்துக்கு ஊரோட சண்ட போட்டிருக்காரு. எனக்கு இது போதும்."

மாமா ஒதுக்கிவைத்த கேசரித் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் வாசலில் கன்னியம்மா நிற்பதைப் பார்த்தேன். சத்தம் கேட்டு வந்தவர், எப்போதிலிருந்து நின்றார் என்று தெரியவில்லை. எல்லோரும் எழுந்தார்கள். இசக்கி சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"ஓனரம்மா நீங்கதானா? உங்க கோயில் காரியம். நீங்க சொல்லுங்கம்மா" என்றார் மாமா.

"கேக்காம தொட்டான். அத்தச் சொல்லணும்ல? என் கோவம் அதான்" என்றார் கன்னியம்மா. பிறகு கொஞ்சம் இறங்கினார். "பாட்டு ஏரிக்கு அந்தாண்ட போய்ச்சி. அங்க கீற சனம்லாம் இன்னா விசேஷம்னு கேட்டுக்கினு கூழுக்கு வந்துட்ச்சி. எந்த வருசமும் மிச்சமாவற கூழு இந்த வருசம் பத்தல. அம்மனுக்கு இன்னா, எந்தப் பக்கம் பாட்னாலும் காதுல வுழும்."

இதை அவர் எங்களிடம் அதுவரை சொல்லவே இல்லை. கோபத்தை விட மனம் வராமல் வைத்திருந்தார் போல.

அவர் மாரிச்செல்வியின் அருகில் போய் அவள் முகவாயைத் தூக்கிக் கண்களைப் பார்த்தார். "நைட்டு முட்சிட்டு நேரா வந்தியா?"

"ஆமாம்மா. தூங்கல."

"சார்" என்று என்னைக் கூப்பிட்டார். "இந்த வூடு வோணாம். இது ரோட்டப் பாத்துக்கினு கீது, கோயிலுக்கு நேரு. பின்னாடி போர்ஷன குட்த்துடு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பின்பக்கப் போர்ஷன் வயலைப் பார்த்தது, காற்றோட்டமானது, சத்தம் அவ்வளவாக எட்டாது. மகள் வந்தால் தங்கட்டும் என்று கன்னியம்மா அதைப் பூட்டியே வைத்திருந்தார். வாடகைக்கு விடலாம் என்று நான் சொன்ன போதெல்லாம் என்னை முறைத்தவர்.

"அது உங்க பொண்ணுக்கு வச்சதாச்சேம்மா?"

"அவ வந்தா என் வூட்ல தூங்கட்டும். நைட்டு வேலைக்கா போறா?"

கார்த்திகையில் ஊரில் கல்யாணம். வந்து பால் காய்ச்சியது அந்தப் பின்பக்கப் போர்ஷனில்தான். தங்கைக்கு என் பதில் இவ்வளவுதான்: உன்னிடம் விசாரிக்கிறவர்களுக்கு நற்சான்றிதழ் கொடுக்காதே. நீ கண்டதைச் சொல். அடுத்த குடித்தனக்காரரிடம் அவனைப் பற்றி என்ன சொல்வாயோ, அதையே பெண் வீட்டாரிடமும் சொல். நாம் குறையென்று நினைத்திருப்பது அவர்கள் தேடிவந்த குணமாக இருக்கலாம். அப்படி இல்லாமலும் போகலாம். சம்பந்தம் முறிந்திருந்தால் அன்று நான் என்ன பாடு பட்டிருப்பேனோ, எனக்குத் தெரியாது. ஆனாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

மார்கழியில் ஒரு நாள், பத்து மணி வெயிலில், மீட்டர் பார்க்கப் போனேன். மாரிச்செல்விக்கு அந்த வாரம் நைட். பின்பக்கக் கதவு சாத்தியிருந்தது. தெருவில் காய்கறி வேன் ஒன்று, கூரையில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு, தக்காளி, வெங்காயம் என்று பதிவு செய்த குரலில் அலறிக்கொண்டு வந்தது. நான் எதுவும் யோசிப்பதற்குள் கன்னியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்து, வேனுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"நிறுத்துய்யா! உள்ள பொண்ணு தூங்குது!"

வேன்காரர் பதறிப்போய் ஸ்பீக்கரை அணைத்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, யாருக்கும் தெரியக்கூடாத சேதி சொல்கிறவர் மாதிரி மெல்ல, "தக்காளி வேணுமாக்கா?" என்றார்.

கன்னியம்மாவும் வேனுக்குப் பக்கத்தில் குனிந்து, அதே குரலில் சொன்னார்: "ஒரு கிலோ போடு. நல்லதா பாத்துப் போடு."